ஹார்டாங்கர்விட்டாவுக்கு எந்த ஸ்கீ: மெழுகு பூசுவதா, செதில் வெட்டியதா?

கேள்வி: ஒஸ்லோ கிழக்கு

வணக்கம். நான் ஒஸ்லோவின் கிழக்குப் புறத்தில் வசிக்கிறேன். நகரை ஒட்டிய நூர்மார்க்காக் காட்டில் இயந்திரம் இட்ட தடங்களில் பல குளிர்காலங்களாக ஸ்கீ என்னும் பனிச்சறுக்குப் பலகைகளில் ஓடி வருகிறேன். என்னிடம் இருப்பது அடியில் தோல் பதித்த கிளாசிக் ஸ்கீ என்பதால், மெழுகைப் பற்றி யோசிக்க வேண்டிய தேவையே இதுவரை எனக்கு ஏற்படவில்லை. வரும் ஈஸ்டர் விடுமுறையில் நண்பர்களுடன் ஃபின்சேயில் தொடருந்தை விட்டு இறங்கி, ஹார்டாங்கர்விட்டா மேட்டுநிலத்தைத் தெற்கு நோக்கிக் கடந்து, மலைக்குடில்களில் இரவு தங்கி, ஹௌகெலிசேத்தர் வரை செல்லத் திட்டமிட்டிருக்கிறோம். அதற்கு உருக்கு விளிம்புள்ள மலை ஸ்கீ ஒன்று வாங்க வேண்டும்.

கடையில் ஏறத்தாழ ஒரே அகலமும் ஒரே நீளமும் கொண்ட இரண்டு சோடிகளைக் காட்டினார்கள். ஒன்றின் அடிப்பாகம் முழுவதும் வழவழப்பாக இருந்தது. அதற்கு மெழுகு பூச வேண்டும். மற்றதன் நடுப்பகுதியில் மீன் செதில் போல வெட்டுகள் இருந்தன. அதை அப்படியே மாட்டிக்கொண்டு போகலாம் என்றார்கள். ஒரு விற்பனையாளர் மெழுகு ஸ்கீதான் உண்மையான மலை ஸ்கீ என்று அடித்துச் சொன்னார். பக்கத்தில் நின்ற இன்னொருவரோ, புதிதாகத் தொடங்குகிறவர் செதில் ஸ்கீயை எடுத்தால் நிம்மதியாக இருப்பார் என்றார். பயணம் முடிந்த பிறகு இதே ஸ்கீயை நூர்மார்க்காவில் தடமில்லாத காட்டுப் பகுதிகளிலும் பயன்படுத்த விரும்புகிறேன். மெழுகு பூசக் கற்றுக்கொள்ள எனக்குத் தயக்கமில்லை. ஆனால் ஒவ்வொரு மணி நேரமும் காற்றில் நின்று மெழுகை மாற்றிக்கொண்டிருக்க விருப்பமில்லை. இந்த நிலையில் எதைத் தேர்ந்தெடுப்பது சரியாக இருக்கும்?

பதில்: தக்கையும் மெழுகும்

என் பரிந்துரையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மெழுகு ஸ்கீயை வாங்குங்கள். அதனுடன் காலடியில் பொருத்திக் கழற்றக்கூடிய குறுந்தோல் ஒன்றையும், அதாவது பின்னோக்கி வழுக்காமல் பனியைப் பிடிக்கும் மயிர்ப்பட்டையையும், சேர்த்து வாங்குங்கள். கடையில் உங்களுக்குக் காட்டியவை இரண்டு வழிகள்தாம் என்றாலும், இன்று மலைக்குப் போகிறவர்களில் பலர் எடுப்பது இந்த மூன்றாவது வழியைத்தான். காரணத்தைச் சற்று விரிவாகச் சொன்னால்தான் உங்கள் நிலைக்கு இது பொருந்துமா என்பதை நீங்களே முடிவு செய்யலாம்.

ஸ்கீயைத் தரையில் வைத்துப் பக்கவாட்டில் பார்த்தால், அதன் நடுப்பகுதி வில்போல மேலெழுந்திருப்பது தெரியும். இரண்டு கால்களிலும் எடை சமமாகப் பகிர்ந்திருக்கும்போது அந்த நடுப்பகுதி பனியை அழுத்தித் தொடுவதில்லை. முன்னும் பின்னுமே சறுக்குகின்றன. ஒரு காலில் முழு எடையையும் போட்டு உதைக்கும் கணத்தில்தான் நடுப்பகுதி கீழே அழுந்திப் பனியைப் பிடிக்கிறது. அந்தப் பிடியை எதைக் கொண்டு உண்டாக்குவது என்பதில்தான் இரு வகைகளும் பிரிகின்றன. மெழுகு ஸ்கீயில், பனிப் படிகங்களின் கூரிய முனைகள் மெழுகுக்குள் சற்றே குத்தி நிற்கின்றன. எடை நீங்கியதும் அவை விடுபட்டு, ஸ்கீ மீண்டும் சறுக்குகிறது. மெழுகு அளவுக்கு மீறி இறுகியிருந்தால் படிகம் உள்ளே போகாது, கால் பின்னோக்கி வழுக்கும். அளவுக்கு மீறி இளகியிருந்தால் படிகம் உள்ளே போய் வெளியே வராது. பனி அடியில் ஒட்டிக் கட்டிபடத் தொடங்கும். ஆகவே மெழுகின் வன்மை பனியின் வெப்பநிலைக்கும் அதன் வயதுக்கும் பொருந்த வேண்டும். டப்பிகள் நிற வரிசையில் வருவதற்கு இதுவே காரணம். எடுத்துக்காட்டாக, ஸ்விக்ஸ் நிறுவனத்தின் வீ40 என்ற நீல மெழுகு புதுப்பனியில் −1 முதல் −7 பாகை வரைக்கும், வீ20 என்ற பச்சை மெழுகு −8 முதல் −15 வரைக்கும் உரியவை.

உலர்ந்த குளிர்ப் பனியில் இந்த ஏற்பாடு எவ்வளவு எளிது என்பதை, தோல் ஸ்கீயிலேயே பழகியவர்கள் பெரும்பாலும் நம்புவதில்லை. −5 பாகையில் நீல மெழுகை மெல்லிய படைகளாகப் பூசி, ஒவ்வொரு படையையும் தக்கையால் அழுத்தித் தேய்த்து மழமழப்பாக்கினால், அது சில நிமிட வேலை; அதன் பின் நாள் முழுவதும் அதை மறந்துவிடலாம். உதைத்தால் ஒட்டும், விட்டால் ஓடும். செதிலால் அந்த ஓட்டத்தைத் தர இயலாது. செதில்கள் எப்போதும் பனியை ஓரளவு உரசிக்கொண்டே இருப்பதால், சமதரையிலும் இறக்கத்திலும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சிறிது வேகத்தை நீங்கள் இழப்பீர்கள். கடினப்பட்ட பனியில் அவை எழுப்பும் 'ர்ர்ர்' என்ற ஒலியே அந்த இழப்பைக் காதுக்குச் சொல்லும். மிகக் குளிர்ந்த, சர்க்கரைபோல் உதிரும் பனியிலும், கண்ணாடிபோல் இறுகிய பனியிலும் செதிலுக்குப் பற்றிக்கொள்ள ஒன்றும் அகப்படாது. ஏற்றத்தில் வழுக்குமரம் ஏறுகிறவர் நிலைதான்.

இனி மறுபக்கம். மெழுகின் சிக்கல் பூச்சியப் பாகைக்கு அருகில் தொடங்குகிறது. புதுப்பனி விழுந்துகொண்டிருக்கும்போது வெப்பநிலை பூச்சியத்தைச் சுற்றி ஊசலாடினால், நிழலில் ஒரு மெழுகும் வெயிலில் வேறொரு மெழுகும் தேவைப்படும். பழைய பனி உருகி மீண்டும் உறைந்திருந்தால் கட்டி மெழுகு நிலைக்காது. கிளிஸ்டர் என்னும் பசைபோன்ற மெழுகைப் பூச வேண்டும். அது உரிய பனியில் அருமையாகப் பிடிக்கும். ஆனால் கிளிஸ்டருடன் குளிர்ந்த புதுப்பனிக்குள் நுழைந்தால், பனிக்கட்டிகள் அடியில் சேர்ந்து நீங்கள் குதிகால் உயர்ந்த காலணி அணிந்தவர் போல் நிற்க நேரிடும். கையுறை, முதுகுப்பை, உறங்கும் பை என்று எல்லாவற்றிலும் அது ஒட்டிக்கொள்வது தனிக்கதை. இந்த வெப்பநிலைகளில் செதில் ஸ்கீ எந்தக் கேள்வியும் கேட்காமல் ஏறிவிடும் என்பதை மெழுகுப் பிரியனான நானும் மறுக்க மாட்டேன்.

ஹார்டாங்கர்விட்டா பெரும்பாலும் 1100 மீட்டருக்கு மேற்பட்ட திறந்த மேட்டுநிலம். ஃபின்சே நிலையமே 1222 மீட்டரில் இருக்கிறது. அங்கே பெப்ரவரியிலும் மார்ச்சிலும் மெழுகுக்கு உகந்த குளிர் நீடிப்பதே வழக்கம். ஈஸ்டர் ஏப்ரலில் வருமானால் காலையில் நல்ல உறைகுளிரும், நண்பகலில் தெற்கு நோக்கிய சரிவுகளில் ஈரப்பனியும் ஒரே நாளில் கிடைக்கலாம். அந்தச் சில மணி நேரத்துக்காகத்தான் குறுந்தோல். காலையில் மெழுகில் ஓடுங்கள். அது பிடிக்காமல் போகும்போது, மெழுகைச் சுரண்டிக்கொண்டு நிற்காமல், தோலை மாட்டிக்கொண்டு நடையைத் தொடருங்கள்.

பதில்: நூர்மார்க்கா நடையர்

மேலே எழுதியவர் மெழுகு பற்றிச் சொன்ன எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்கிறேன். முடிவை மட்டும் ஏற்கவில்லை. கேள்வி கேட்டவர் ஓர் ஆண்டில் ஒரு வாரம் மலைமேட்டிலும் மற்ற வார இறுதிகளில் ஒஸ்லோவைச் சூழ்ந்த காட்டிலும் இந்த ஸ்கீயில் நிற்கப் போகிறார். ஆகவே அந்த ஒரு வாரத்தை மட்டும் வைத்து முடிவெடுப்பது சரியாகாது.

நூர்மார்க்காவின் குளிர்காலத்தை அவரும் அறிவார். திங்கட்கிழமை −8, புதன்கிழமை மழை, வெள்ளிக்கிழமை மீண்டும் உறைவு, சனிக்கிழமை காலையில் பூச்சியத்தில் ஈரமான புதுப்பனி என்று மாறிக்கொண்டே இருக்கும். சொங்ஸ்வான் ஏரிக்கரையிலிருந்து புறப்பட்டு மேலே ஏறும்போதே உயரம் சில நூறு மீட்டர் மாறிவிடுவதால், கீழே பொருந்திய மெழுகு மேலே பொருந்தாது. ஊசியிலைக் காட்டுக்குள் தடமில்லாமல் நுழைந்தால், மரக்கிளைகளிலிருந்து சொட்டிய நீர் உறைந்த இடமும் தூள்பனி கிடக்கும் இடமும் பத்து அடிக்கு ஒரு முறை மாறிமாறி வரும். அத்தகைய நிலத்தில் சராசரியாக நன்றாக வேலை செய்வதே நல்ல ஸ்கீ. செதில் ஸ்கீ அதைத்தான் செய்கிறது. மேலும், காட்டில் நாம் நீண்ட தூரம் சறுக்கி ஓடுவதில்லை. ஏறுகிறோம், திரும்புகிறோம், விழுந்த மரத்தைத் தாண்டுகிறோம். சறுக்கில் இழக்கும் சிறிதளவு வேகம் அங்கே கணக்கில் வராது.

அதேவேளை, செதில் ஸ்கீக்குப் பராமரிப்பே வேண்டாம் என்று விற்பனையாளர் சொல்லியிருந்தால் அதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். முன்னும் பின்னும் உள்ள வழவழப்பான பகுதிகளுக்குச் சறுக்கு மெழுகு தேவை. செதில்களின் மேலும் அவற்றுக்கென விற்கப்படும் திரவ மெழுகைத் தடவிவிட வேண்டும். இல்லாவிட்டால், ஈரப்பனியில் நனைந்த செதில்கள் குளிர்ந்த பனியைத் தொட்டவுடன் வெட்டுகளுக்குள் பனிக்கட்டி பிடித்துக்கொள்ளும். அதன் பின் உங்களிடம் ஏறவும் மாட்டாத, சறுக்கவும் மாட்டாத பலகை ஒன்றுதான் இருக்கும். கடுங்குளிரில் செதில் வழுக்கினால், செதில் பகுதிக்கு முன்னும் பின்னும் சிறிது கட்டி மெழுகைப் பூசிக்கொள்ளலாம். இது பலருக்கும் தெரியாத, ஆனால் நன்றாக உதவும் வழி.

செதில் ஸ்கீகளிலும் இப்போது குறுந்தோல் மாட்டும் வசதியுள்ளவை கிடைக்கின்றன. ஃபிஷர் நிறுவனம் அத்தகையவற்றைச் செய்கிறது. செதிலும் தோலும் சேர்ந்தால் ஹார்டாங்கர்விட்டாவின் இறுகிய பனியையும் சமாளிக்கலாம். அப்படியிருக்க, மெழுகைக் கற்றுக்கொள்ளும்படி புதியவரை ஏன் தூண்ட வேண்டும்?

ஒஸ்லோ கிழக்கு

இரு பதில்களுக்கும் நன்றி. குழப்பம் குறைந்திருக்கிறது என்று சொல்ல முடியாவிட்டாலும், எதைக் குறித்துக் குழம்ப வேண்டும் என்பது தெளிவாகிவிட்டது. இரண்டு ஐயங்கள் எஞ்சியுள்ளன. தோலை இரு வகையிலும் மாட்டலாம் என்றால், மெழுகு ஸ்கீக்கு இருக்கும் சாதகம் சறுக்கும் வேகம் மட்டும்தானா? மற்றது, எங்கள் முதுகுப்பைகள் பதினைந்து கிலோ அளவில் இருக்கும். அந்தச் சுமை இந்தத் தேர்வை எந்த வகையிலாவது மாற்றுமா?

பதில்: பின்மார்க் காற்று

தம்பி, நான் வடக்கே பின்மார்க்கில் மீன் தொழிற்சாலை வேலைக்கென்று வந்து, இங்கேயே தங்கிவிட்டவன். கடற்கரையில் காற்று பனியை அடித்துக் கல்லாக்கிவிடும். உள்நாட்டு மேட்டுநிலத்துக்குள் போனாலோ குளிர் வேறு தன்மையுடையது. நோர்வேயின் மிகக் குறைந்த வெப்பநிலையான −51.4 பாகை 1886 இல் பின்மார்க்கின் உள்நாட்டிலுள்ள காரஷோக்கில்தான் பதிவானது என்றால், எந்த வகைப் பனியைச் சொல்கிறேன் என்பது உங்களுக்குப் புரியும். இந்தப் பகுதியில் செதில் ஸ்கீயுடன் மேட்டுநிலத்துக்கு வருகிறவர்களை அரிதாகவே காண்கிறேன். அதில் பெருமை பேச ஒன்றுமில்லை. இங்குள்ள பனி அதை ஏற்பதில்லை, அவ்வளவுதான்.

உங்கள் முதல் ஐயத்துக்கு வருகிறேன். வேகம் ஒரு காரணம்தான், ஆனால் அதைச் சிறியதென்று தள்ளிவிட வேண்டாம். ஹார்டாங்கர்விட்டாவில் ஒரு குடிலிலிருந்து அடுத்த குடிலுக்கு இருபது கிலோமீட்டருக்கு மேலும் இருக்கலாம். அதில் பெரும்பகுதி உறைந்த ஏரிகளும், கண்ணுக்குத் தெரியாத அளவில் ஏறி இறங்கும் சமநிலமும்தான். ஒவ்வோர் உதைக்கும் ஸ்கீ ஒரு கையளவு கூடுதலாக ஓடினால், மாலையில் அது உங்கள் தொடைகளுக்குத் தெரியும். எதிர்க்காற்று வீசும் நாளில் இன்னும் நன்றாகத் தெரியும்.

ஆனால் நான் அதைவிட முதன்மையாகக் கருதுவது வேறொன்று. செதில் எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்பதைத் தொழிற்சாலை முடிவு செய்து வெட்டிவிடுகிறது. உங்கள் எடையோ, சுமையோ, உதைக்கும் திறனோ அதற்குத் தெரியாது. மெழுகின் நீளத்தையும் தடிப்பையும் நீங்கள் தீர்மானிக்கலாம். காலையில் களைப்பில்லாமல் இருக்கும்போது குறுகலாகப் பூசலாம். பிற்பகலில் கால் தளர்ந்து உதை வலுவிழக்கும்போது, முன்பக்கமாக ஒரு சாண் நீட்டிப் பூசினால் பிடி திரும்பிவிடும். நீண்ட ஏற்றம் மட்டுமே உள்ள நாளில், ஏறத்தாழ முழு நீளத்துக்கும் மெழுகு தேய்த்துக்கொண்டு போகிறவர்களும் உண்டு. ஒரே ஸ்கீயை நாளுக்கேற்பத் திருத்திக்கொள்ளும் இந்த வசதி செதிலில் மிகக் குறைவு.

ஒரு விதியை மட்டும் மறவாதீர்கள். ஐயம் ஏற்பட்டால் குளிருக்குரிய வன்மெழுகிலேயே தொடங்குங்கள். அது வழுக்கினால் அதன் மேல் மென்மெழுகைப் பூசலாம்; மென்மெழுகின் மேல் வன்மெழுகு நிற்காது, முழுவதையும் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும். காற்றடித்து இறுகிய பனி அரத்தைப்போல மெழுகைத் தேய்த்துவிடும் என்பதால், வீட்டிலேயே அடிமெழுகு ஒரு படை பூசி, இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் இளக்கிப் பரவவிட்டு, ஆறியபின் அதன் மேல் அன்றாட மெழுகைப் பூசுங்கள். இதைச் செய்யாதவர்கள்தாம் இரண்டு மணி நேரத்தில் மெழுகு போய்விட்டது என்று குறைப்படுகிறார்கள். ஈஸ்டர் பயணத்துக்கு நீலம், ஊதா, சிவப்பு என்று மூன்று டப்பிகளும், ஒரு தக்கையும், ஒரு சுரண்டியும் போதும். குறுந்தோல் இருக்கும்போது கிளிஸ்டரை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகலாம். குடிலில் உங்களுடன் தங்குகிறவர்களும் அதற்கு நன்றி சொல்வார்கள்.

குறுந்தோலை அண்மையில் வந்த புதுமை என்று சிலர் ஏளனமாகப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். நோர்வே ஆய்வுப்பயணி நான்சன் 1888 இல் கிரீன்லாந்தைக் கடக்கக் கொண்டுபோன ஸ்கீகளில், பேர்ச் மரத்தால் செய்தவற்றின் அடியில் மெல்லிய உருக்குத் தகடு பதித்து, கால் நிற்கும் இடத்தில் மட்டும் தகட்டைத் திறந்துவிட்டு, அங்கே மயிருள்ள எல்க் தோலைப் பொருத்தியிருந்தார்கள். பூச்சியத்துக்கு அருகில் என்ன செய்வது என்ற இதே கேள்விக்கு அன்றே கிடைத்த விடை அது.

நூர்மார்க்கா நண்பர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அவர் காட்டுக்கு மட்டும் ஒரு ஸ்கீ கேட்டிருந்தால், நானும் செதிலையே சொல்லியிருப்பேன். ஆனால் இங்கே இரண்டும் வேண்டும். மெழுகு ஸ்கீயுடன் காட்டுக்குப் போய்ப் பனி ஒத்துழைக்காவிட்டால், தோலை மாட்டிக்கொண்டு மெதுவாக நடக்கலாம். காட்டில் மெதுவாகப் போவதால் ஒரு கெடுதலும் இல்லை. செதில் ஸ்கீயுடன் மேட்டுநிலத்துக்குப் போனால், வெட்டிய செதிலை நல்ல பனி கிடைக்கும் நாளில் மறைத்துவைக்க முடியாது.

பதில்: தக்கையும் மெழுகும்

சுமை பற்றிய இரண்டாவது ஐயத்துக்கு மட்டும் சேர்க்கிறேன். ஆம், மாற்றும், ஆனால் வகையைவிட அதிகமாக நீளத்தையும் விறைப்பையும் அது தீர்மானிக்கும். கடைக்காரரிடம் உங்கள் உடல் எடையை மட்டும் சொல்லாமல், முதுகுப்பையுடன் சேர்ந்த எடையைச் சொல்லுங்கள். ஸ்கீயின் நடுப்பகுதி வில் மென்மையாக இருந்தால் சுமையில் அது முழுவதும் படுத்துவிடும். அப்போது மெழுகு சறுக்கும்போதும் பனியைத் தொட்டுத் தேயும், செதிலானால் இடைவிடாது உரசும். வில் விறைப்பாக இருந்தால், பையில்லாமல் நூர்மார்க்காவில் உதைக்கும் நாளில் நடுப்பகுதி பனியை எட்டாது. உங்கள் தேவை இந்த இரண்டுக்கும் இடையில் இருப்பதால், சற்று மென்மையான பக்கம் சாய்வதே நல்லது. மெழுகு ஸ்கீயானால், பை இல்லாத நாளில் ஒன்றிரண்டு படை கூடுதலாகப் பூசி வேறுபாட்டை ஈடுசெய்யலாம். செதிலில் அந்த வாய்ப்பு இல்லை. அகலத்தைப் பொறுத்தவரை, நடுவில் 54 மில்லிமீட்டர் கொண்ட ஓஸ்னெஸ் நிறுவனத்தின் காம்மெ போன்ற ஸ்கீயைத் தாண்டி மிக அகலமானவற்றுக்குப் போகத் தேவையில்லை.

ஒஸ்லோ கிழக்கு

மெழுகு ஸ்கீயும் குறுந்தோலும் என்று முடிவு செய்துவிட்டேன். நூர்மார்க்கா நண்பர் பொறுத்துக்கொள்வாராக. தோலில் மொஹேர் (அங்கோரா ஆட்டு மயிர்) என்றும் நைலோன் என்றும் இரண்டு இருக்கின்றனவே, அவற்றில் எது? அகலமும் மூன்று அளவுகளில் வருகிறது.

பதில்: பின்மார்க் காற்று

மொஹேர் நன்றாகச் சறுக்கும், நைலோன் நன்றாகப் பிடிக்கும், நீண்ட நாள் உழைக்கும். பனியில் சறுக்கும் பொதிவண்டி இழுக்காமல் பதினைந்து கிலோ பையுடன் போகிறவருக்கு மொஹேரே போதும். அகலம் 30, 45, 60 மில்லிமீட்டர் என்று வரும். உங்கள் ஸ்கீக்கு 45 பொருந்தும். வாங்கும்போதே ஸ்கீயின் அடியில் உள்ள துளையில் தோலின் கொக்கி சரியாக மாட்டுகிறதா என்று கடையில் பார்த்துவிடுங்கள், ஒரு நிறுவனத்தின் தோல் இன்னொன்றின் ஸ்கீயில் பூட்டாமல் போகலாம். தோலை ஒட்டும் இடத்தில் மெழுகு தடிப்பாக இருந்தால் முதலில் சுரண்டிவிடுங்கள். மெழுகு பசையைக் கெடுத்துவிடும். கழற்றிய தோலை முதுகுப்பைக்குள் எறியாமல், பசையுள்ள பக்கங்களை ஒன்றோடொன்று சேர்த்து மடித்து, மேற்சட்டைக்குள் உடம்போடு வைத்திருங்கள். குளிர்ந்த பசை ஒட்டாது. அடுத்த ஏற்றத்தில் அதை ஊதி ஊதிச் சூடாக்கிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும்.